நாம் கட்டிய சிறுதேர்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அவற்றுள் இறுதியாக நிற்பது சிறுதேர்ப் பருவம். வீதியில் பெரிய தேர் அசைந்து வருவதைக் கண்ட குழந்தை, தன் கைக்கு அடங்கிய தேர் ஒன்றை உருட்டி மகிழும் பருவம் அது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றங்களில் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஊரில் ஓடும் வண்டியைச் சிறியதாக்கிக் கையில் ஏந்திப் பார்க்கும் ஆசை நம்மவர்க்குப் புதியதன்று.

தேரின் இடத்தில் மோட்டார் வந்தது. ஆசை அப்படியே இருந்தது. இன்று உலகின் பல நாடுகளிலும் வயது வந்தவர்களே மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேசை விளக்கின் கீழ் அமர்ந்து, ஒரு சாண் நீளமுள்ள மோட்டார் வண்டிகளைக் கட்டுகிறார்கள். "வேலையற்றவன் வேலை" என்று இதனை இகழ்வாரும் உளர். நம் வீட்டிலும் தொடக்கத்தில் அக்குரல் எழுந்தது. அக்குரல் பின்னர் எவ்வாறு அடங்கிற்று என்பதைக் கூறுமுன், இக்கலையின் அடிப்படை இன்னதென்று அன்பர்களுக்குச் சற்று விளக்குதல் நலம்.

பொம்மை வண்டிக்கும் மாதிரி வண்டிக்கும் உள்ள வேறுபாடு அளவில் இருக்கிறது. பொம்மை செய்பவன் சக்கரத்தைப் பெரிதாக்கலாம், கூரையைத் தாழ்த்தலாம், குழந்தை அதைக் கேள்வி கேட்காது. மாதிரி செய்பவனுக்கு அந்த உரிமை இல்லை. உண்மை வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். 1/24 என்று சொன்னால், உண்மையில் 24 அங்குலம் உள்ளது மாதிரியில் ஓர் அங்குலமாக வேண்டும். அதாவது, ஓர் அடிக்கு அரை அங்குலம். 1/18, 1/24, 1/25, 1/43, 1/64 என்பவை இத்துறையில் வழங்கும் விகிதங்களுள் சில. இவற்றுள் 1/43 என்பது பார்வைக்கு விசித்திரமான எண். அது பொம்மை ரயில் உலகம் தந்த கொடை. அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்ற கணக்கில் ஓடிய ரயில்களுக்குத் துணையாக நிலையத்தருகே நிறுத்திவைக்கச் சிறு வண்டிகள் வேண்டியிருந்தன, அக்கணக்கே நிலைத்துவிட்டது.

சுருங்குதல் என்பது வியப்பான காரியம். நீளம் 24-இல் ஒரு பங்கானால், மேற்பரப்பு 576-இல் ஒரு பங்காகிறது; கொள்ளளவோ 13,824-இல் ஒரு பங்காகிறது. கதவுக்கும் உடலுக்கும் இடையே உண்மை வண்டியில் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், மாதிரியில் அது தலைமயிரினும் சற்றே தடித்த கோடு. அதன்மேல் நாம் பூசும் வர்ணமோ சுருங்க மறுக்கிறது. மாதிரியில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு வர்ணம் ஏறினால், உண்மை வண்டியில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சாந்து பூசியதற்கு அது சமம். ஆகையால்தான் கைதேர்ந்தவர்கள் வர்ணத்தை நீர்த்த நிலையில், மெல்லிய படலங்களாக, பொறுமையாகத் தெளிக்கிறார்கள். நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. சிறிய உருவத்தின்மேல் உண்மை நிறத்தையே பூசினால் கண்ணுக்கு அது அடர்ந்து தோன்றும். கறுப்பு வேண்டுமானால் சிறிது வெள்ளை கலந்து கருஞ்சாம்பலாக்கிப் பூச வேண்டும். பொய் சொன்னால்தான் உண்மையாகத் தோன்றும் இடம் இது ஒன்றே என்று நாம் வீட்டில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இக்கலை வளர்ந்த கதையும் சுவையானதே. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து மெக்கானோ கம்பெனியார் 1933-ஆம் ஆண்டில் ரயில் பொம்மைகளுக்குத் துணையாகச் சிறு உலோக வண்டிகளை வார்த்தார்கள். மறு ஆண்டிலேயே அவற்றுக்கு 'டிங்கி டாய்ஸ்' என்ற பெயர் ஏற்பட்டது. 1950-களின் தொடக்கத்தில் லண்டனில் லெஸ்னி கம்பெனியைச் சேர்ந்த ஜாக் ஓடெல் என்பவர் தம் மகளுக்காகப் பித்தளையில் ஒரு சின்னஞ்சிறு சாலை உருளையைச் செய்து தந்தார். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்பது அப்பள்ளியின் விதியாம். அந்தத் தீப்பெட்டியே பிறகு 'மேட்ச்பாக்ஸ்' என்று உலகப் பெயர் பெற்றது. ஒரு தந்தை ஒரு மகளுக்காகச் செய்த பொருள் ஒரு பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று.

நம் நாட்டுக்கும் இக்கதையில் இடம் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் டிங்கி அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றிலிருந்து வார்க்கப்பட்ட வண்டிகள் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் விற்பனையாயின. இன்று அவற்றைத் தேடித் திரிவோர் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள்.

இவை எல்லாம் வார்த்து முடித்து வாங்குபவை. வாங்குபவனே கட்ட வேண்டிய வண்டிகள் அமெரிக்காவில் பெருகின. ரெவெல் கம்பெனி 1951-இல் பழங்கால மோட்டார்களின் பிளாஸ்டிக் உறுப்புகளைப் பெட்டியிலிட்டு விற்கத் தொடங்கியது. ஏ.எம்.டி. கம்பெனி 1958-இல் ஒரு புதுமை செய்தது. ஒரே வண்டியை மூன்று விதமாகக் கட்டுவதற்கான உறுப்புகளை ஒரே பெட்டியில் வைத்தது. விரும்பினால் ஆலையில் பிறந்த வண்ணமே கட்டலாம். விரும்பினால் தன் மனம்போல் மாற்றியமைக்கலாம். இன்றேல் பந்தய வண்டியாக்கலாம். முகப்பை வெட்டித் தாழ்த்துவதும், விளக்கை இடம் மாற்றுவதும், நெருப்புச் சுடர் போல் வர்ணம் தீட்டுவதும் அந்நாட்டு இளைஞர்களின் பெரும் பொழுதுபோக்காயின.

இதனை வீண் பொழுதென்று கருதும் பெற்றோர்க்கு ஒரு செய்தி. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930-இல் சிறுவர்களுக்கென ஒரு கைவினைப் போட்டியைத் தொடங்கியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியின் மாதிரியைச் செய்யச் சொன்னார்கள். 1937 முதல் சிறுவர்கள் தாமே கற்பனை செய்த மோட்டாரின் மாதிரியைச் செய்து அனுப்பலாயினர். 1968-இல் அப்போட்டி முடிவுற்றது. வென்றவர்க்குப் பரிசு, கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. அவர்களுள் பலர் பிற்காலத்தில் மோட்டார் வடிவமைப்பாளர்களாயினர். ஜப்பானில் ஷிசுவோகா நகரில் மரம் அறுக்கும் ஆலையாகத் தொடங்கிய தமியா கம்பெனியில், ஒரு போர்ஷே வண்டியின் மாதிரியைச் செம்மையாக்க வேண்டி, உண்மையான போர்ஷே வண்டியையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றைச் சிறிதாகச் செய்வதற்கு முன் அதைப் பெரிதாக அறிய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி நம் கதைக்கு வருவோம்.

நாம் வாழ்வது மும்பையில். நம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையிலே வந்து சேர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லார்க்கும் அவர் அண்ணாச்சி. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் டாக்சி ஓட்டியவர். அவர் ஓட்டிய வண்டி பத்மினி. இந்நகரின் குர்லாப் பகுதியில் பிரீமியர் கம்பெனியார் 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் செய்யத் தொடங்கிய வண்டியே 1970-களில் பத்மினி என்று பெயர் மாறியது. கீழே கறுப்பும் கூரையில் மஞ்சளுமாக அது இந்நகரத் தெருக்களை நிறைத்திருந்த காலத்தை அறியாத மும்பைவாசி எவரும் இரார். டாக்சிகளுக்கு 20 ஆண்டு என்ற வயது வரம்பு வந்தது. ஒவ்வொன்றாக அவை மறைந்தன. கடைசியாகப் பதிவு பெற்ற பத்மினி டாக்சியின் ஆயுள் 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. அண்ணாச்சியின் வண்டி அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பழைய இரும்புக்குப் போயிற்று.

ஒருநாள் பேச்சுவாக்கில், அவ்வண்டியின் புகைப்படம் இருக்கிறதா என்று அவரைக் கேட்டோம். கலியாணப் படங்கள், காதுகுத்துப் படங்கள், திருச்செந்தூர் சென்று வந்த படங்கள் எல்லாம் பெட்டி நிறைய இருந்தன. வண்டியின் படம் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"வேலை செய்கிற மாட்டை யாராவது படம் பிடித்து வைப்பார்களா, தம்பி?" என்றார் அண்ணாச்சி.

அதே ஆண்டில் அவர் கண்ணில் அழுத்த நோய் இருப்பது தெரியவந்தது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இருந்ததும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. படம் இருந்திருந்தாலும் இன்னும் சில காலத்தில் அவருக்கு அது பயன்படாது. விரலால் தடவிப் பார்க்கத்தக்க பொருளாக இருந்தால் பயன்படும் என்ற எண்ணம் அப்போதுதான் நமக்கு எழுந்தது. அவர் நினைவும் பார்வையும் உள்ளபோதே அவர் வண்டியைக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தோம்.

நாம் தேடிய கடைகளில் பத்மினிக்கான உறுப்புப் பெட்டி அகப்படவில்லை. ஆகவே அடியிலிருந்து நாமே கட்ட வேண்டியதாயிற்று. இதற்குத் துணையாக வந்தவள் பள்ளியில் படிக்கும் நம் மகள். பத்மினியின் நீளம் 3,930 மில்லிமீட்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,340 மில்லிமீட்டர். 24-ஆல் வகுத்தாள் மகள். நீளம் 164 மில்லிமீட்டர். அச்சிடைத் தூரம் ஏறத்தாழ 97½ மில்லிமீட்டர். பழைய வண்டிகளில் ஆர்வமுள்ள அன்பர் ஒருவர் போற்றி வைத்திருக்கும் பத்மினியைப் பக்கவாட்டில், மிகத் தொலைவிலிருந்து படம் எடுத்தோம். அருகிலிருந்து எடுத்தால் நடுப்பகுதி பெருத்தும் ஓரங்கள் சிறுத்தும் தோன்றி அளவு கெடும். இரு சக்கரங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே சரியாக 97½ மில்லிமீட்டர் வரும்படி அப்படத்தை அச்சிட்டதும், வண்டியின் பக்கத் தோற்றம் முழு அளவில் கைக்கு வந்துவிட்டது.

உடலுக்கு ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பாலிஸ்டிரீன் தகடு. அதற்குரிய திரவம் பசையைப் போல ஒட்டுவதன்று. தகட்டின் விளிம்பைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பக்கங்கள் இரண்டையும் வெட்டி, குறுக்கே தடுப்புகள் வைத்து, பெட்டி போல் நிறுத்தினோம். கூரையின் வளைவுதான் சோதனை. மென்மரத்தில் அவ்வளைவைச் செதுக்கி வழவழப்பாக்கி, சூட்டில் இளகிய தகட்டை அதன்மேல் இழுத்துப் படியவைத்தோம். பிறகு 400-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 1,000-ஆம் எண் வரை நீர் தொட்டுத் தேய்த்தல். அதற்கு மட்டும் மூன்று வாரம் பிடித்தது.

சில்லறை உறுப்புகளுக்கு வீடே கடையாயிற்று. மாத்திரை அட்டையின் குமிழி முகப்பு விளக்கின் கண்ணாடி ஆயிற்று. அதன் குறுக்களவு கிட்டத்தட்ட ஏழு மில்லிமீட்டர், நமக்கு வேண்டிய அளவே. மின்கம்பிக்குள் இருக்கும் செம்பு இழை, கூரை ஓரத்து நீர்வடியும் விளிம்பாயிற்று. சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாள் பம்பர்களின் பளபளப்பாயிற்று. தையற்பெட்டியும் சமையலறையும் அடிக்கடி பார்வையிடப்பட்டன. "இன்னும் என் தாலிச் சரடு ஒன்றுதான் பாக்கி" என்று இல்லத்தரசியார் கூறியதை இங்கே பதிவு செய்வது நம் கடமை.

உருவம் நின்றதும் மகள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பத்மினியாக இருக்கிறது. ஆனால் யாருடைய பத்மினி?" என்று கேட்டாள். அந்த வினாவிலிருந்துதான் உண்மையான வேலை தொடங்கிற்று.

மாற்றியமைத்தல் என்றால் அமெரிக்க இளைஞன் செய்ததுபோலப் புதுமை சேர்ப்பது என்றே பெரும்பாலோர் கருதுவர். அதற்கு வேறொரு பொருளும் உண்டு. ஆலையிலிருந்து வெளிவரும்போது வண்டிகள் யாவும் இரட்டைப் பிள்ளைகள் போல் ஒன்றாகவே இருக்கின்றன. அதன்பின் ஒருவன் நாள்தோறும் அதில் அமர்ந்து, அதனோடு உழைத்து, வெயிலிலும் மழையிலும் கிடக்கும்போது அவ்வண்டி தனி முகம் பெறுகிறது. வண்டியை உண்மையில் மாற்றியமைப்பவன் அதனோடு வாழ்ந்தவனே. அவன் செய்த மாற்றங்களைக் கேட்டறிந்து மாதிரியில் ஏற்றுவதே நாம் மேற்கொண்ட பணி.

மாலைதோறும் மகள் குறிப்பேட்டுடன் அண்ணாச்சியின் வீட்டுக்குச் சென்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலானார்.

"முதலில் மீட்டர். மீட்டர் இல்லாத வண்டி டாக்சி ஆகுமா, கண்ணு?" முன்பக்கத்தில் இடப்புறமாக, வெளியே பொருத்தியிருந்த பழைய இயந்திர மீட்டர் அது. கொடி போன்ற கைப்பிடியை மடக்கினால் சவாரி தொடங்கிற்று என்று பொருள். ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் அது உருவாயிற்று. கூரையின்மேல் சாமான் ஏற்றும் கேரியர். பெட்ரோலிலிருந்து எரிவாயுவுக்கு மாறியபோது வாயு உருளை பின்பெட்டியை அடைத்துக்கொண்டது. பயணிகளின் பெட்டி படுக்கை எல்லாம் கூரைக்கு ஏறின. அந்தக் கேரியரின் மூன்றாவது குறுக்குக் கம்பி வளைந்திருந்ததாம். ஊர் திரும்பிய குடும்பம் ஒன்றின் தையல் இயந்திரத்தை ரயில் நிலையத்துக்கு ஏற்றிச் சென்றதால் வந்த வளைவு. ஸ்டியரிங் தண்டிலேயே கியர்க்கோல். அதன் தலையில் சிவப்பு நூற்குஞ்சம். முன் கண்ணாடிக்குக் கீழே செந்தில் ஆண்டவர் படம். மாதிரியில் அது நான்கு மில்லிமீட்டர். வலப்புறக் கதவின் மேல் விளிம்பில் அவர் முழங்கை ஊன்றிய இடத்தில் கறுப்பு போய் இரும்பு தெரியும். அங்கே நாம் வர்ணத்தை மெல்லத் துடைத்து எடுத்தோம்.

"இன்னும் ஒன்று" என்றார் ஒரு நாள். "பின்னால் இடது பக்கத்து மட்கார்டில் ஒரு நசுங்கல். உள்ளங்கையை வைத்தால் அடங்கும். மசூதி பந்தரில் கைவண்டிக்காரன் இடித்தது."

அதை ஏன் சரி செய்யவில்லை என்று கேட்டாள் மகள். தட்டி எடுத்து வர்ணம் பூசப் பணம் சேர்த்து வைத்திருந்தாராம். அந்த மாதமே மூத்த பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணம் கல்லூரிக்குப் போயிற்று. நசுங்கல் வண்டியோடு இருந்துவிட்டது. "அதன்பிறகு சரி செய்யத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்" என்று முடித்தார்.

வீடு திரும்பியதும் ஒரு தயக்கம் வந்தது. மூன்று வாரம் தேய்த்து வழவழப்பாக்கிய உடல், வர்ணத்துக்குக் காத்திருக்கிறது. "இத்தனை நாள் பாடுபட்டதை நாமே நசுக்குவதா? வேண்டாம் அப்பா, வேறு யாருக்கும் தெரியப் போகிறதா?" என்றாள் மகள். யாருக்கும் தெரியாதுதான். ஆனால் அண்ணாச்சிக்குத் தெரியும். உள்ளங்கை அளவு என்பது மாதிரியில் சில மில்லிமீட்டர்தான். தேக்கரண்டியைச் சூடாக்கி மகளிடமே கொடுத்தோம். அதன் முதுகை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரே முறை அழுத்தினாள். அதற்குமேல் கறுப்பும் மஞ்சளும் ஏறின.

வேலை முடிந்தபோது ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குள் அண்ணாச்சிக்கு எதிரே நிற்பவரின் முகம் தெரியாத நிலை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மடியில் வண்டியை வைத்தோம். கல்லூரியில் படிக்கும் அவர் பேரன் அருகில் இருந்தான். அவர் முதலில் கூரையைத் தடவினார். கேரியர் கம்பிகளை எண்ணினார். மூன்றாவதில் விரல் நின்றது. மீட்டரைத் தொட்டார். பிறகு கை தானாகவே பின்பக்கம், இடது புறம் சென்றது. அந்தச் சிறு பள்ளத்தில் சுட்டு விரலின் நுனி சரியாக அமர்ந்தது.

"இது என்ன தாத்தா, உடைந்திருக்கிறதா?" என்று பேரன் கேட்டான்.

"உடையவில்லை. இது உன் அப்பன் கல்லூரியில் சேர்ந்தது" என்றார் அண்ணாச்சி.

பேரனுக்கு விளங்கவில்லை. அருகே அமரச் சொல்லி அவர் சொல்லத் தொடங்கினார். நாம் விடைபெற்று மாடிக்கு வந்தோம். அன்றிரவு வெகுநேரம் வரை கீழே பேச்சுக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இரவுக்குப் பின் நம் வீட்டில் இதனை வேலையற்றவன் வேலை என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் விட்டுவந்த வீட்டைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் கோவில் தேரைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அது வேண்டியதே. வந்த ஊரில் நம்மைச் சுமந்த பொருள்களைப் பற்றி நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. அவை பழையனவாகி, விற்கப்பட்டு, பெயரின்றிப் போய்விடுகின்றன. கல்கத்தாவில் வாழ்ந்தவர்க்கு மஞ்சள் அம்பாசடர் இருந்திருக்கும். உத்தரபாராவில் பிறந்த அவ்வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றது. சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டில் ஏறி வடக்கே குடிவந்த குடும்பமும் எங்கோ இருக்கலாம். தந்தை ஓட்டிய லாரி, பாட்டனார் பால் விற்ற சைக்கிள், தாயார் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற ரிக்ஷா இவற்றுள் எதுவும் சிறுதேராகத் தக்கதே.

தொடங்க விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். முதல் முயற்சிக்கு விலையுயர்ந்த பொருள் வேண்டியதில்லை. பழைய கலியாணப் பத்திரிகை அட்டை, கூரிய கத்தி, இரும்பு அளவுகோல், ஒட்டுப் பசை இவை போதும். 1/24 அளவு கைக்கும் கண்ணுக்கும் இசைவானது. ஐந்தரை அடி மனிதர் அதில் ஏழு சென்டிமீட்டர் உயரம் நிற்பார். கத்தியைப் பெரியவர் கையாளட்டும். கரைப்புத் திரவத்தையும் தெளிக்கும் வர்ணத்தையும் காற்றோட்டமான இடத்தில் மட்டும் பயன்படுத்துக. வாயில் எதையும் இடும் சிறு மகவு வீட்டிலிருந்தால் சக்கரமும் விளக்கும் அதன் கைக்கு எட்டாதிருக்கட்டும். கண் ஓய்வு வேண்டும்போது ஓய்வு கொடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கத்தியை எடுக்குமுன் வீட்டுப் பெரியவர்களை அருகில் அமர்த்திக் கேளுங்கள். அளவை வகுத்துப் பெற்றுவிடலாம். நசுங்கல் எங்கே என்பதை அவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

நம் மேசையில் இப்போது அடுத்த வேலை கிடக்கிறது. மகள் தன் பாட்டியின் கதையிலிருந்து எடுத்த மாட்டு வண்டி அது. மோட்டாரை விட்டு மாட்டுக்கு ஏன் போனாய் என்று கேட்டோம். அதிலும் ஒரு குறுக்குக் கம்பு வளைந்திருந்ததாம். அது ஏன் வளைந்தது என்று பாட்டி இன்னும் சொல்லி முடிக்கவில்லையாம்.